டாஷ் கேமரா வயர் எந்தப் பக்கம் போகிறது?

நேயர்களுக்கு வணக்கம். தமிழ்நாடு-கேரள எல்லையில் புளியரை எஸ் வளைவில் ஏறுகிற லாரியும் இறங்குகிற காரும் உரசிக்கொண்டால், யார் யாருடைய பக்கத்துக்குள் வந்தார்கள் என்று அங்கேயே அரைமணி நேரம் பேச்சு நடக்கும். ஒருவர் தமிழில் பேசுவார், மற்றவர் மலையாளத்தில் பேசுவார், பின்னால் ஆரியங்காவு வரை வண்டிகள் நிற்கும். இந்தப் பாதையில் ஓடுகிற கார்களில், முன்கண்ணாடியில் மாட்டிச் சாலையைப் பதிவு செய்கிற டாஷ் கேமரா பெருகிவருவதில் வியப்பில்லை. ஆனால் கேமரா வாங்கியவர்களில் பலர் அதைச் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகி, வயரைக் கண்ணாடி முழுக்கத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதை ஒழுங்காகப் பொருத்துவது எப்படி என்று இன்று பார்ப்போம்.

முதலில் இடம். நம் ஊர் ஸ்டீயரிங் வலப்பக்கம். எனவே கேமரா, பின்னால் வருவதைப் பார்க்கிற உள்கண்ணாடிக்குப் பின்னால், சற்று இடப்பக்கம் ஒளிந்திருக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் அது கண்ணில் படவே கூடாது. வைப்பர் துடைக்கிற பரப்புக்குள் லென்ஸ் இருக்கிறதா என்று வைப்பரை ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். குற்றாலச் சாரல் காலத்தில் துடைக்காத மூலையில் மாட்டிய கேமரா நீர்த்துளிகளைத்தான் படம் பிடிக்கும். கண்ணாடி விளிம்பில் கறுப்புப் புள்ளிகள் இருக்குமே, அதன்மேல் ஒட்டுநாடா சரியாகப் பிடிக்காது. ஃபாஸ்டேக்கை மறைக்க வேண்டாம். புது வண்டிகளில் உள்கண்ணாடிக்குப் பின்னால் கம்பெனி வைத்த ஓட்டுநர் உதவிக் கேமரா இருந்தால் அதன் பார்வைக்குள்ளும் போக வேண்டாம்.

ரப்பர் கப் வேண்டாம். வெயிலில் நிற்கிற காரில் அது இளகிக் கழன்று விழும். இருபக்கம் ஒட்டுகிற நுரைநாடாதான் நல்லது. கண்ணாடியின் உட்புறத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவைத்து, தாங்கியை மட்டும் ஒட்டி அழுத்துங்கள். கேமராவை மறுநாள் மாட்டுங்கள். மழைநாளில், கண்ணாடி வியர்த்திருக்கும்போது ஒட்டினால் நிற்காது. இதே வெயிலுக்காக இன்னொன்று: உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிற கேமராவைவிட சூப்பர் கெப்பாசிட்டர் இருக்கிறதை வாங்குங்கள். பேட்டரி வெப்பத்தில் உப்பிவிடும். கெப்பாசிட்டருக்குச் சில நொடி மின்சாரம்தான் இருக்கும், ஆனால் ஓடிக்கொண்டிருந்த பதிவை முடித்துச் சேமிக்க அது போதும்.

இனி வயர். கேமராவிலிருந்து மேல்கூரைத் துணியின் விளிம்பில் செருகி, பக்கவாட்டு பில்லர், அதாவது முன்கண்ணாடியின் ஓரத்துச் சட்டம், வரை கொண்டுபோய், அங்கிருந்து கதவு ரப்பர் பீடிங்கின் உள்ளே இறக்கி, டாஷ்போர்டின் அடியில் ஃப்யூஸ் பாக்ஸுக்குக் கொண்டுவர வேண்டும். பிளாஸ்டிக் நெம்பி போதும், ஸ்குரூடிரைவர் போட்டால் தழும்பு விழும். பலர் தவறுவது பில்லரில்தான். அங்கே 'ஏர்பேக்' என்று எழுதியிருந்தால், கூரை விளிம்பு நெடுக ஒரு பை சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அது கண்சிமிட்டும் நேரத்தில் விரிந்து கீழே இறங்கும். அதன் முன்னால் குறுக்கே வயர் போனால் பை விரிவது தடைப்படலாம், வயரே சாட்டையாகி உள்ளிருப்பவர் மேல் அடிக்கலாம். எனவே பில்லர் மூடியைக் கழற்றி, பைக்குப் பின்னால், கம்பெனி வயர்க் கட்டோடு சேர்த்து நைலான் டையால் கட்ட வேண்டும். கழற்றுமுன் சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வண்டியின் கையேடு சொல்கிற நேரம் காத்திருங்கள். சில வண்டிகளில் அந்த மூடியின் கிளிப் ஒருமுறைதான் பயன்படும். புதிது வாங்கி மாட்டுங்கள். இதில் கை நடுங்குகிறவர்கள் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடலாம், ஆனால் வயர் பைக்கு முன்னால் போகிறதா, பின்னால் போகிறதா என்று கேட்டுவிட்டு விடுங்கள்.

மின்சாரம் எடுக்க 'ஹார்ட்வயர் கிட்' வேண்டும். அது பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாகக் குறைத்துத் தருகிறது. மூன்று வயர் இருக்கும்: எப்போதும் மின்சாரம் உள்ளதற்கு ஒன்று, சாவி போட்டால் மட்டும் வருவதற்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று. கறுப்பு எர்த் என்பதில் சிக்கல் இல்லை. சிவப்பும் மஞ்சளும் கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும், ஆகவே கையேட்டைப் படித்துவிட்டே இணையுங்கள். எர்த்தைப் பெயின்ட் இல்லாத போல்ட்டில் இறுக்குங்கள்.

கம்பெனி வயரை வெட்டி முறுக்கி நாடா சுற்றுகிற வேலையை யார் செய்தாலும் தடுங்கள். அதற்குத்தான் ஃப்யூஸ் டேப் இருக்கிறது: பழைய ஃப்யூஸின் இடத்தில் சொருகினால், அந்த ஃப்யூஸோடு இன்னொரு ஃப்யூஸும் சேர்த்து புது இணைப்பு தருகிற துண்டு. கடையில் 'டேப்' என்று கேட்டால் ஒட்டுநாடாவை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். 'ஆட் எ சர்க்யூட்' என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் ஃப்யூஸ் எந்த அளவோ, மினியா, லோ புரொஃபைலா, மைக்ரோவா, அதே அளவில் வாங்க வேண்டும். ஏர்பேக், பிரேக், இன்ஜின் ஃப்யூஸ்களைத் தொடாதீர்கள். ரேடியோ, சாக்கெட் போன்றவை போதும். மஞ்சள் பலகை வண்டியானால், அரசு விதிப்படி பொருத்திய இருப்பிடம் காட்டும் கருவியின் வயரிலிருந்து மின்சாரம் எடுக்கவே கூடாது.

ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, இரண்டு பிளவுகளில் எதில் பன்னிரண்டு வோல்ட் வருகிறது என்று மல்டிமீட்டரில் பாருங்கள். டேப்பில் இரண்டு ஃப்யூஸுக்கும் பொதுவான கால் அந்தப் பிளவில் இறங்க வேண்டும். மாற்றிச் சொருகினாலும் கேமரா ஓடும், அதனால் தவறு தெரியாது. ஆனால் கேமராவின் சுமையும் பழைய ஃப்யூஸ் வழியாகவே போகும். கேமராவுக்கு 2 அல்லது 3 ஆம்பியர் ஃப்யூஸ் தாராளம்.

நிறுத்திய வண்டியிலும் பதிவு வேண்டுமென்றால் கணக்குப் பாருங்கள். ஐந்து வாட் கேமரா பத்து மணி நேரத்தில் நாலு ஆம்பியர்-அவருக்கு மேல் குடிக்கும். சின்ன பெட்ரோல் காரின் பேட்டரி மொத்தமே முப்பத்தைந்துதான். செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் போய்வருகிற சிறு ஓட்டத்தில் அது திரும்ப நிரம்பாது. பேட்டரி இறங்கினால் கேமராவுக்குப் போகும் மின்சாரத்தை கிட் நிறுத்திவிடும்; அந்த அளவை 12.2 வோல்ட்டில் வையுங்கள். 11.8-ல் வைத்தால் காலையில் ஸ்டார்ட்டர் சுற்றாது.

இந்த உரையைக் கார் வானொலியில் கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் ஒரு சோதனை செய்யலாம். கேமராவை ஆன் செய்ததும் என் குரலில் இரைச்சல் ஏறுகிறதா? மின்னழுத்தத்தை மாற்றும் சர்க்யூட்டும், உறையில்லாத மலிவு வயரும் அலையைக் கக்குகின்றன. அதே இரைச்சல் ஜிபிஎஸ் கருவியையும் குருடாக்கும், ஏனென்றால் செயற்கைக்கோளிலிருந்து வருகிற சமிக்ஞை மிக மெலிது. வயரின் இரு முனையிலும், இரைச்சலை அடக்குகிற ஃபெரைட் கிளிப் மாட்டுங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவின் ஜிபிஎஸ் ஆன்டெனாவை டாஷ்போர்டுக்குள் இரும்புச் சட்டத்தின் அடியில் வைத்தால் தென்மலைக் காட்டுக்குள் அம்பு சுற்றிக்கொண்டே நிற்கும். மேற்பரப்பில், வானம் தெரிய, கேமராவிலிருந்து தள்ளி வையுங்கள். சிக்னல் விட்டுவிட்டு வரும் அந்தப் பாதைக்கு வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்வது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது? சொந்தக் காரில் டாஷ் கேமரா வைக்கத் தடையில்லை. கைபேசிதான் சிக்கல். 2020 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள மத்திய விதி, வழி பார்ப்பதற்கு மட்டும், ஓட்டுநரின் கவனம் கெடாதபடி அதைப் பயன்படுத்த விடுகிறது. கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் குற்றம். எல்லை தாண்டியதும் கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் அபராதம் போடுகிற கேமராக்கள் சாலையோரம் நிற்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். கைபேசித் தாங்கியை ஏசி துவாரத்தில் தாழ்வாக மாட்டுங்கள், ஏர்பேக் மூடிமேல் ஒட்டாதீர்கள்.

அமைப்புகளில் இரண்டைச் சொல்கிறேன். ஜிபிஎஸ் உள்ள கேமராவில் நேர வித்தியாசத்தை +5:30 என்று போடுங்கள். இல்லாவிட்டால் பதிவில் நேரம் ஐந்தரை மணி பின்தங்கும். அதிர்வு உணரியைக் குறைவாக வையுங்கள். மலைப்பாதைப் பள்ளம் ஒவ்வொன்றையும் விபத்து என்று எண்ணிப் பதிவைப் பூட்டிக்கொண்டே போனால் கார்டு நிறைந்துவிடும். 64 ஜிபி கார்டில் முழு எச்டி எட்டு, எட்டரை மணி நேரம்தான் நிற்கும். அதன்பின் பழையது அழிந்து புதியது ஏறும். கார்டில் 'ஹை எண்டூரன்ஸ்' (திரும்பத் திரும்ப எழுதினாலும் தாங்குவது) என்று இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை கேமராவிலேயே ஃபார்மட் செய்ய வேண்டும்.

விபத்து நடந்துவிட்டால், ஆளுக்கு உதவி செய்து முடித்ததும் கேமராவை அணைத்து கார்டை உருவுங்கள். ஓடவிட்டால் அந்தப் பதிவின்மேலேயே புதியது எழுதப்படலாம். வெட்டி ஒட்டி வாட்சப்பில் அனுப்பிய பிரதி நீதிமன்றத்தில் தடுமாறும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்கிற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. கோப்பின் ஹாஷ் மதிப்பும், அதாவது கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கிற கைரேகை போன்ற குறியீடும், அதில் இருக்க வேண்டும். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். ஆகவே கார்டிலுள்ள மூலக் கோப்பைத் தொடாமல் உறையில் போட்டு, நாளும் நேரமும் எழுதி எடுத்து வையுங்கள். கேமராவுக்கு வேறு கார்டு போட்டுக்கொள்ளலாம்.