பொங்கல் டியூட்டி யாருக்கு? சென்னை மருத்துவக் கல்லூரிகளின் விழாக்காலம்

[காட்சி: வார்டு சுவரில் டேப் போட்டு ஒட்டிய டியூட்டி சார்ட். அடித்துத் திருத்தி எழுதிய பெயர்கள்.]

இது ஒரு ஜனவரி மாத டியூட்டி சார்ட். 14, 15, 16 என்ற மூன்று தேதிகளை மட்டும் பாருங்கள். முதலில் எழுதிய பெயர்களில் பாதி அடிபட்டு, அவற்றுக்கு மேலே வேறு பெயர்கள் ஏறியிருக்கின்றன. ஊருக்குக் கிளம்புகிறவர் ஒருவர், அவருக்குப் பதிலாக நிற்கிறவர் இன்னொருவர். சென்னையின் மருத்துவக் கல்லூரிகளில் பண்டிகை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, கோலப்போட்டி போட்டோக்களைவிட இந்தத் தாள்தான் அதிகம் உதவும்.

மற்ற கல்லூரிகளில் லீவு விட்டால் கேட்டைப் பூட்டிவிடலாம். இங்கே கல்லூரியோடு ஆஸ்பத்திரியும் சேர்ந்தே இருக்கிறது. ஓ.பி. என்கிற வெளிநோயாளிகள் பிரிவு மூடினாலும் காஷுவாலிட்டி என்கிற அவசரப் பிரிவு மூடாது. ஒரு டாக்டர் குழு புது நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் முறைநாள், அதாவது யூனிட்டின் அட்மிஷன் டே, பொங்கலன்று விழுந்தால் விழுந்ததுதான். ஆகவே இங்கே எந்த விழாவும் யார் வேலை செய்கிறார்கள் என்ற கேள்வியில் தொடங்கி, அதைச் சுற்றித்தான் நடக்கிறது.

[காட்சி: சென்ட்ரல் ரயில் நிலையம். எதிரே ஆஸ்பத்திரிக் கட்டடங்கள்.]

முதலில் இந்த ஆட்கள் யார் என்று பார்ப்போம். சென்ட்ரலுக்கு எதிரே நாம் ஜி.எச். என்று சொல்லும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, 1664-இல் ஜார்ஜ் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கான சின்ன ஆஸ்பத்திரியாகத் தொடங்கியது. 1772-இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. அதோடு சேர்ந்த மருத்துவப் பள்ளி 1835 பிப்ரவரி 2 அன்று உருவானது. அதுதான் இன்றைய சென்னை மருத்துவக் கல்லூரி, சுருக்கமாக எம்.எம்.சி. வடசென்னையில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கத்தில் கே.எம்.சி., அண்ணா சாலை பக்கம் ஓமந்தூரார் என்று அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. தனியார் கல்லூரிகள் தனி.

இந்த அரசுக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. மேல்படிப்பில் அது 50 சதவீதம். அதனால்தான் ஹாஸ்டல் மெஸ்ஸில் ராஜஸ்தான்காரர் பக்கத்தில் மலையாளி, அவருக்கு எதிரே பீகார்காரர் உட்கார்ந்திருப்பார். 2020-இல் வந்த தமிழகச் சட்டம், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தந்தது. அதற்குப் பிறகு வீட்டில் மாடு கட்டியிருக்கும் பிள்ளைகள், அறுவடை முடிந்த வயலிலிருந்து நேராக ஹாஸ்டலுக்கு வரும் பிள்ளைகள் கூடுதலாக வந்தார்கள். கல்லூரிப் பொங்கல் விழாவில் கரும்பைக் கட்டுவது எப்படி, பானையில் மஞ்சள் கொத்தை எங்கே சுற்றுவது என்று சீனியர்களுக்கு இவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

[காட்சி: கல்லூரி மைதானம். வரிசையாகப் பானைகள்.]

கல்லூரிப் பொங்கல் தை முதல் நாளில் நடக்காது. அதற்குச் சில நாள் முன்பே வைத்துவிடுவார்கள். காரணம் எளிது, தை பிறக்கும்போது ஹாஸ்டல் காலியாகிவிடும். சமத்துவப் பொங்கல் என்று பேனர் கட்டி, வேட்டியும் சேலையும் உடுத்தி, உறியடி, கயிறு இழுத்தல் எல்லாம் வைத்து, டீன் வந்து முதல் பிடி அரிசி போடுவார். சரி, இது நீங்கள் எங்கும் பார்க்கிற விழா. இதற்குப் பின்னால் நடக்கிற பேரம்தான் சுவாரசியமானது.

"மச்சான், பொங்கலுக்கு எனக்காக நில்லு. ரம்ஜானுக்கு நான் பாத்துக்கிறேன்."

படிப்பின் கடைசியில் பயிற்சி டாக்டராக வேலை பார்க்கும் ஹவுஸ் சர்ஜன்களிடையே இது எழுதாத ஒப்பந்தம். கிறிஸ்துமஸுக்கு ஊர் போகவேண்டிய நாகர்கோவில்காரர் பொங்கலுக்கு நிற்பார், ஓணத்துக்குப் போகும் திருச்சூர்க்காரர் தீபாவளிக்கு நிற்பார். ரம்ஜானில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. பிறை தெரிந்தால்தான் பெருநாள். தலைமை காஜியின் அறிவிப்பு முந்தின நாள் ராத்திரிதான் வரும். ஆகவே சார்ட் போடுகிறவர் விவரமானவராக இருந்தால், அடுத்தடுத்த இரண்டு நாட்களுக்கும் மாற்று ஆளைக் கேட்டு வைத்துக்கொள்வார். விவரம் போதாதவர் ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லோருக்கும் போன் போட்டுக்கொண்டிருப்பார்.

பொங்கலுக்கு முந்தின நாள் போகி. அன்று விடியற்காலையில் சென்னையில் டயர், பிளாஸ்டிக், பழைய பாய் என எல்லாம் எரியும். மார்கழிப் பனியோடு புகையும் சேர்ந்து தரையோடு தங்கிவிடும். 2018 போகியன்று விமானங்களே தாமதமாகின என்பது நினைவிருக்கலாம். ஆஸ்துமாக்காரர்களுக்கும் நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கும் அன்று நெபுலைசர் இல்லாமல் தீராது. போகிக்கு என்ன எரிக்கலாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்வதைவிட, நெஞ்சக நோய் வார்டில் அன்று டியூட்டி பார்த்த ஹவுஸ் சர்ஜன் வீட்டில் சொன்னால் எடுபடும் என்பது என் எண்ணம்.

[காட்சி: சந்தனப் பொட்டு வைத்த ஆம்புலன்ஸ். மாலை போட்ட எக்ஸ்ரே மெஷின்.]

இனி ஆயுத பூஜை. ஆஸ்பத்திரிக்கு மிகவும் பொருந்திய பண்டிகை எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், கருவி இல்லாமல் இங்கே ஒரு மணி நேரம் ஓடாது. லிஃப்ட் ஓட்டுகிறவர் முதல் லேப் டெக்னீஷியன் வரை அவரவர் இடத்தைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை பொட்டலம் போடுவார்கள். வருஷம் முழுக்க யாரும் நகர்த்தாத அலமாரிக்குப் பின்னால் அன்றுதான் விளக்குமாறு போகும். பொரி வாங்கப் போகிற சாக்கில், அதுவரை பெயர் தெரியாத டெக்னீஷியன் அண்ணனிடம் மாணவர்கள் முதல் தடவை பேசுவதும் அன்றுதான்.

ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் என்ன செய்வது? யோசித்துப் பாருங்கள். கத்தியும் கிளாம்ப்பும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ் நீராவியில், அழுத்தத்தில், கிருமி நீக்கப்பட்டவை. அதில் குங்குமம் வைத்தால் அந்த வேலை வீண். ஆகவே வழக்கத்தில் இல்லாத பழைய கருவிகள் சிலவற்றைத் தட்டில் அடுக்கி, தியேட்டருக்கு வெளியே, வராண்டாவில் பூஜை போடலாம். பயன்பாட்டில் இருக்கும் செட்டை யாரும் தொடவேண்டியதில்லை.

கற்பூரம் இன்னும் பெரிய விஷயம். ஐ.சி.யூ.விலும் தியேட்டரிலும் சுவரிலிருந்தே ஆக்சிஜன் வருகிறது. ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் எரிவதை வெறிகொண்டு எரிய வைக்கும். ஆக்சிஜன் அதிகமான காற்றில் ஒரு சின்னச் சுடர் படுக்கைத் துணியைப் பற்றவைக்கப் போதும். சாம்பிராணிப் புகை வெண்டிலேட்டரில் இருப்பவருக்கு நல்லதல்ல. பூவும் ஐ.சி.யூ.வுக்குள் போகாது, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குப் பூஜாடித் தண்ணீரிலும் மண்ணிலும் இருக்கும் கிருமிகள் ஆபத்து.

எம்.ஆர்.ஐ. அறை தனிக்கதை. ஸ்கேன் ஓடாதபோது அந்தக் காந்தம் தூங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். மின்தடையே இல்லாமல் மின்சாரம் சுற்றிக்கொண்டிருக்கும் மீக்கடத்திக் காந்தம் அது, ராத்திரியும் லீவு நாளிலும் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். பக்தியோடு ஒருவர் இரும்புத் தூபக்காலை உள்ளே எடுத்துப் போனால், அது கையிலிருந்து பறந்து மெஷினுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். இடையில் ஆள் இருந்தால் காயம். ஆகவே எம்.ஆர்.ஐ.க்குப் பொட்டு வைக்க ஆசைப்படுகிறவர்கள் வெளிக்கதவோடு நிறுத்திக்கொள்ளவும்.

அப்புறம் பூசணிக்காய். திருஷ்டி கழித்து ரோட்டில் உடைத்துவிட்டுப் போகிறோம். பின்னால் வரும் பைக்காரர் வழுக்கி விழுந்து எங்கே வருவார்? நேராக நம் எலும்பு முறிவு வார்டுக்கு. உடைத்தவுடன் ஓரமாக ஒதுக்கிவிட ஒரு நிமிஷம் ஆகுமா?

[காட்சி: பட்டாசு வெளிச்சம். பிறகு தீக்காயப் பிரிவின் பெயர்ப்பலகை.]

தீபாவளியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசு 2018 முதல் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என நேரம் வைத்திருக்கிறது. யார் கடைப்பிடிக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பெரிய ஆஸ்பத்திரிகளில் தீக்காயத்துக்குக் கூடுதல் படுக்கைகள் தயாராக இருக்கும். கையில் சுட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். பற்பசை வேண்டாம், பேனா மை வேண்டாம், ஐஸ்கட்டியும் வேண்டாம். கண்ணில் பட்டால் தேய்க்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். பலகாரத்தோடு அதைச் செரிக்க ஒரு லேகியத்தையும் சேர்த்தே கிண்டுகிற பண்டிகை இது. நம் முன்னோர் நோயாளியை நன்றாக அறிந்தவர்கள்தான்.

[காட்சி: உடற்கூறியல் துறைக் கட்டடம். வெள்ளைக் கோட்டில் முதலாண்டு மாணவர்கள்.]

காலண்டரில் சிவப்பு எழுத்தில் வராத நாட்களும் மருத்துவக் கல்லூரிக்கு உண்டு. முதலாவது, உடற்கூறியல் வகுப்பின் தொடக்கம். உடலைத் தொடுவதற்கு முன் மாணவர்கள் எழுந்து நின்று, இவரை மரியாதையோடு நடத்துவோம் என்று உறுதிமொழி எடுக்கிறார்கள். பல கல்லூரிகளில் அந்த உடலை முதல் ஆசிரியர் என்றே சொல்கிறார்கள், சில இடங்களில் மலர் வைக்கிறார்கள். அக்டோபர் 15 உலக உடற்கூறியல் நாள். 1564-இல் அதே நாளில் இறந்த வெசாலியஸ் என்ற உடற்கூறியலாளரின் நினைவாக அது. என்னைக் கேட்டால், உடல்தானம் செய்தவர்களின் குடும்பத்தினரை அன்று அழைத்து முன்வரிசையில் உட்கார வைக்கலாம்.

உடல்தானமும் உறுப்பு தானமும் வேறு வேறு. 2008 செப்டம்பரில் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை, டாக்டர்களான அவருடைய பெற்றோர் தானம் செய்தார்கள். அவருடைய இதயத்தைக் கொண்டுபோக சென்னைப் போலீஸ் சாலைகளை ஒழுங்குபடுத்திக் கொடுத்தது. தமிழ்நாட்டில் உறுப்பு தானம் வீட்டுப் பேச்சாக மாறியது அதற்குப் பிறகுதான். 2023 செப்டம்பர் 23 அன்று, உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார். ஆஸ்பத்திரி ஊழியர்கள் வரிசையாக நின்று வணங்க, உடல் வெளியே வரும். மதம் எதுவானாலும் அங்கே சடங்கு ஒன்றுதான்.

[காட்சி: முத்துலட்சுமி ரெட்டியின் கறுப்பு வெள்ளைப் படம்.]

ஜூலையில் இரண்டு நாட்கள். ஜூலை 1 டாக்டர்கள் தினம், டாக்டராகவும் மேற்கு வங்க முதலமைச்சராகவும் இருந்த பி. சி. ராய் பிறந்ததும் இறந்ததும் அந்தத் தேதியில்தான். 1991 முதல் நாடு முழுக்க அனுசரிக்கிறார்கள். அன்று கேக் உண்டு, மருந்துக் கம்பெனி கொடுத்த பூங்கொத்து உண்டு. ஜூலை 30 அவ்வளவு ஆர்ப்பாட்டம் இல்லாமல் போகிறது, அதுதான் எனக்கு வருத்தம். அது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்தநாள், தமிழ்நாட்டில் அது மருத்துவமனை தினம். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர், 1907-இல் எம்.எம்.சி.யில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். பிறகு சென்னை மாகாண சட்ட மேலவையின் துணைத் தலைவர், தேவதாசி முறை ஒழிப்புக்குப் போராடியவர், அவ்வை இல்லம் தொடங்கியவர். தங்கை புற்றுநோயில் இறந்த துக்கம் உள்ளே இருந்தது. 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அதிலிருந்து எழுந்தது. எம்.எம்.சி. வாசலுக்குப் பெண்கள் வந்த கதை அவருக்கும் முந்தையது. 1875-இலேயே மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்களை அந்தக் கல்லூரி சேர்த்துக்கொண்டது.

[காட்சி: உறுதிமொழிக்காக உயர்ந்த கைகள்.]

மரபைக் கொண்டாடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். யாருடைய மரபு என்று கேட்டால்தான் சண்டை வரும். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம், பழங்கால கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரடிஸ் பெயரிலான உறுதிமொழிக்குப் பதிலாக, பழங்கால ஆயுர்வேத மருத்துவர் சரகர் பெயரிலான உறுதிமொழியைப் பரிந்துரைத்தது. அந்த ஏப்ரல் 30 அன்று மதுரை மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் அதை எடுத்தார்கள். தமிழக அரசு அதை ஏற்கவில்லை, டீனைப் பொறுப்பிலிருந்து நீக்கியது, சில நாட்களில் திரும்பவும் அதே பொறுப்பைக் கொடுத்தது. சென்னைக் கல்லூரி கேன்டீன்களிலும் அதே பேச்சுதான். கிரேக்கரும் நமக்கு அந்நியர்தானே என்றார்கள் சிலர். பழகிய உறுதிமொழியை ஏன் மாற்றவேண்டும் என்றார்கள் வேறு சிலர். விழாக்குழுவில் இருக்கிறவர்கள் இந்தச் சம்பவத்தை ஒரு தடவை படித்துவிட்டு மேடை போடுவது நல்லது.

[காட்சி: குழந்தைகள் வார்டில் நட்சத்திர விளக்கு.]

டிசம்பரில் செவிலிய மாணவிகள் வார்டு வார்டாகக் கேரல் பாடிப் போவார்கள், ஓரத்தில் குடில் இருக்கும். நோன்பு மாதத்தில் கஞ்சிப் பாத்திரம் சுற்றும், நோன்பு பிடிக்காதவர்தான் அதிகம் குடிப்பார். டாக்டருக்கு அங்கே ஒரு பாடமும் உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர் நோன்பு வைக்கப்போகிறேன் என்றால், 'வைக்கக்கூடாது' என்று ஒரே வார்த்தையில் விரட்டினால் அவர் சொல்லாமல் வைப்பார். ரமலானுக்கு முன்பே கூப்பிட்டுப் பேசி, மாத்திரை நேரத்தையும் இன்சுலின் அளவையும் மாற்றி, சர்க்கரை மிகவும் இறங்கினால் உடனே நோன்பைத் திறக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பவேண்டும். வைகாசி விசாகக் காவடிக்கும் சபரிமலை விரதத்துக்கும் இதே பேச்சுதான்.

[காட்சி: வார்டு வாசலில் சக்கரைப் பொங்கல் டப்பாவோடு ஒரு அம்மா.]

கடைசியாக, வார்டில் படுத்திருக்கும் சொந்தக்காரருக்குப் பலகாரம் கொண்டுபோகிறவர்களுக்கு. டயாலிசிஸில் இருப்பவருக்கு வாழைப்பழமும் இளநீரும் விளையாட்டில்லை, அவற்றிலுள்ள பொட்டாசியம் இதயத்துடிப்பைக் குலைத்துவிடும். பக்கவாதம் வந்தவருக்கு முறுக்கு தொண்டையில் சிக்கும். நாளைக்கு ஆபரேஷன் என்றால் ஒரு வாய்கூடக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். கொடுக்கும் முன் டியூட்டி சிஸ்டரிடம் கேளுங்கள், அவருக்கும் சேர்த்து ஒரு டப்பா கொண்டுபோங்கள். எவர்சில்வர் டப்பா மட்டும் வேண்டாம், வார்டுக்குள் போனது திரும்ப வராது.