ஆள் பாதி, ஆடை பாதி
(மகளிர் கல்லூரி ஒன்றின் ஆடை வடிவமைப்புத் துறை விழாவில் பேசியது)

விழாவுக்குத் தலைமை தாங்கும் கல்லூரிச் செயலர் ஐயா அவர்களே, அன்போடு அழைத்த முதல்வர் அம்மா அவர்களே, துறைத் தலைவர் அவர்களே, கடையில் கூட்டம் நெரியும் நேரத்திலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஜவுளி வணிகர் சங்கத்துப் பெரியவர்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் மாணவிகளே, அனைவருக்கும் வணக்கம். செயலர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். கம்ப்யூட்டரில் டிசைன் போடக் கற்றுக்கொடுத்தால் போதும் என்று எல்லோரும் சொன்னபோது, துறைக்குள்ளேயே ஒரு கைத்தறியைக் கொண்டுவந்து இறக்கியவர் அவர். சங்கத் தலைவர் ஐயா அதற்கு நூல் கொடுத்து உதவினார். இருவருக்கும் உங்கள் கைதட்டல் வேண்டும்.

இரண்டு விஷயங்கள் பேச வந்திருக்கிறேன். பெத்தன் ஹார்டிசன் என்ற அமெரிக்கப் பெண்மணி, நம் ஊர்க் கடைகளின் விளம்பரப் பலகை.

ஆள் பாதி, ஆடை பாதி என்று எங்கள் அம்மாச்சி அடிக்கடி சொல்வார். ஆடைப் பாதியைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆள் பாதிக்காக ஐம்பது வருஷத்துக்கும் மேலாகப் போராடியவர் பெத்தன் ஹார்டிசன். 1942இல் பிறந்து நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்தவர். நகரத்தின் துணி வியாபாரத் தெருக்களில் பொத்தான் தொழிற்சாலையில் வேலை செய்தார், பிறகு ஷோரூமில் விற்பனைக்கு நின்றார். அங்கேதான் வில்லி ஸ்மித் என்ற டிசைனர் இவரைப் பார்த்து, தைத்த துணியைப் போட்டுப் பார்க்கும் மாடலாக அழைத்தார். நல்ல கறுப்பு, ஒட்ட வெட்டிய முடி. அன்றைய பத்திரிகை அட்டைகளில் அப்படி ஒரு முகத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

1973 நவம்பர் 28. இடம், பிரான்சின் வெர்சாய் அரண்மனை. அரண்மனையைப் பழுதுபார்க்கப் பணம் திரட்ட ஒரு ஃபேஷன் ஷோ. ஒரு பக்கம் பிரான்சின் ஐந்து ஜாம்பவான்கள். ஈவ் சான் லோரான், கிவான்ஷி, பியர் கார்தான், உங்காரோ, டியோர் நிறுவனத்தின் மார்க் போஹான். எதிர்ப்பக்கம் ஐந்து அமெரிக்கர்கள். அவர்களில் ஸ்டீபன் பர்ரோஸ் கறுப்பர். அமெரிக்கர்களுக்குத் துணியைப் பற்றி என்ன தெரியும் என்று பாரிஸில் ஒரு இளக்காரம் இருந்த காலம். பிரெஞ்சுக்காரர்கள் ஆர்க்கெஸ்ட்ரா வைத்தார்கள், சிண்ட்ரெல்லா கதையில் வரும் பூசணிக்காய் வண்டி விட்டார்கள், ராக்கெட் நிறுத்தினார்கள், புகழ்பெற்ற பாலே நடனக்காரர் நூரேயெவை ஆடவைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. அமெரிக்கர்களிடம் என்ன இருந்தது? பின்னால் தொங்கவிட ஒரு திரைச்சீலை. அதுவும் மீட்டர் கணக்கை அடிக்கணக்கு என்று எடுத்துக்கொண்டதால் மேடைக்குப் பொருந்தவில்லை! கடைசி நேரத்தில் வெள்ளைத் திரையில் கறுப்புக் கோட்டால் ஈபிள் கோபுரத்தை வரைந்து மாட்டினார்கள்.

அப்புறம் பெண்கள் நடந்து வந்தார்கள். மொத்தம் 36 மாடல்கள், அதில் ஏறத்தாழ 10 பேர் கறுப்பினப் பெண்கள். பாட்டுக்கு ஏற்ற நடை, சுழற்சி, நிமிர்வு. பர்ரோஸ் தைத்த மஞ்சள் உடையில் வந்த பெத்தன், மேடை விளிம்பில் நின்று, வைரம் போட்டு உட்கார்ந்திருந்த அந்தச் சபையை நேருக்கு நேராக ஒரு பார்வை பார்த்தார். அரங்கமே எழுந்தது. கையிலிருந்த நிகழ்ச்சித் தாள்களை மேலே தூக்கி வீசி ஆரவாரம் செய்தார்கள். எல்லாம் சுமார் 35 நிமிடத்தில் முடிந்துவிட்டது. ராக்கெட்டும் பூசணிக்காயும் செய்யாததை ஆள் பாதி செய்து காட்டியது!

அந்தக் கைதட்டலோடு அவர் நிற்கவில்லை. 1984இல் சொந்தமாக மாடல் ஏஜென்சி தொடங்கி, எல்லா நிறத்தவரையும் சேர்த்துக்கொண்டார். 1988இல் இமான் என்ற மாடலோடு சேர்ந்து கறுப்பின மாடல்களுக்கென ஒரு கூட்டமைப்பு கண்டார். 1996இல் ஏஜென்சியை மூடி ஒதுங்கினார். அவர் ஒதுங்கிய சில ஆண்டுகளிலேயே மேடைகள் மறுபடி ஒரே நிறமாகிவிட்டன. 2007இல் திரும்பி வந்து நியூயார்க்கில் கூட்டம் போட்டுக் கேள்வி கேட்டார். 2013இல் இமான், நவோமி கேம்பெல் என்ற இரண்டு மாடல்களையும் சேர்த்துக்கொண்டு நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் ஃபேஷன் அமைப்புகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். பொத்தாம்பொதுவாக வருத்தப்படும் கடிதம் இல்லை. மேடையில் ஒரு கறுப்பின மாடல்கூட இல்லாத, அல்லது ஒப்புக்கு ஒருவரை மட்டும் நிறுத்திய டிசைனர்களின் பெயர்களை அதில் பட்டியலிட்டார். பெயர் வந்த பிறகுதான் பலருக்குச் சுருக்கென்றது.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். சங்கத்துப் பெரியவர்கள் தப்பாக நினைக்கக் கூடாது, உரிமையோடு கேட்கிறேன். உங்கள் கடையில் பட்டுப் பிரிவுக்குப் போனால், விற்பனைக்கு நிற்கும் பெண் புடவையை விரித்து, மடிப்பெடுத்துத் தன் தோளிலேயே போட்டு முந்தானையைக் காட்டுகிறாள். நம் வயல்காட்டு நிறம் அவளுக்கு. அந்த நிறத்தில் அரக்கும் மாம்பழ மஞ்சளும் எப்படி எடுக்கிறது என்று பார்த்துத்தான் நம் வீட்டுப் பெண்கள் பில் போடச் சொல்கிறார்கள். நாள் முழுக்கக் காலில் நின்று உங்கள் புடவையை விற்றுக் கொடுப்பது அந்தத் தோள். ஆனால் வாசலில் நிற்கும் நாற்பது அடிப் பலகையில் அவளும் இல்லை, அவள் சாயலில் ஒருத்தியும் இல்லை. பெத்தனும் ஷோரூமில் நின்ற பெண்தானே!

இது என் ஒருத்தியின் ஆதங்கம் இல்லை. 2009இலேயே சென்னையில் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்று இயக்கம் தொடங்கியது. 2014இல் இந்திய விளம்பரத் தர கவுன்சில், கறுப்பு நிறத்தைத் தாழ்த்திக் காட்டும் விளம்பரங்களுக்கு எதிராக விதிமுறையே வகுத்தது. தாழ்த்திக் காட்டக் கூடாது என்று விதி வந்துவிட்டது. காட்டவே காட்டாமல் விடுவதற்குத்தான் இன்னும் விதி இல்லை. அதை மாற்ற முன்வரிசையில் இருக்கும் உங்களால் முடியும்.

ஆள் பாதி, ஆடை பாதி. தீபாவளிக்கு உங்கள் பலகையில் ஒரு பாதியையாவது நம் நிறப் பெண்களுக்குக் கொடுங்கள். படம் எடுக்க வெளியூருக்கு அலைய வேண்டாம், இந்த அரங்கத்திலேயே இருக்கிறார்கள். எங்கள் வேண்டுகோள் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. மாணவிகள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மேல்வரியைச் சங்கத் தலைவர் ஐயாவுக்காகக் காலியாக விட்டிருக்கிறோம். நன்றி, வணக்கம்.