ஆறு, பத்து, இரண்டு, ஆறு

(கடலூர் மஞ்சக்குப்பத்தில், பார்க்கின்சன் நோயாளிகளின் குடும்பத்தினர் கூடியபோது பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். நான் டாக்டர் இல்லை. பார்க்கின்சன் வந்த ஒருவருக்கு மகன், அவ்வளவுதான். முன்வரிசையில் மனைவியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் ஐயாவுக்கு நான் சொல்வதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

எங்கள் வீட்டில் கடிகாரம் அப்பாவுக்காகத்தான் ஓடுகிறது. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு. பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை மூளைக்குள் போய், உடம்பு அசையத் தேவையான டோபமின் என்கிற ரசாயனமாக மாறும். ஆனால் ரத்தத்தில் அதன் அளவு சுமார் ஒன்றரை மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். பத்து மணி மாத்திரை முக்கால் மணி தள்ளிப்போனால் அப்பாவால் சட்டைப் பொத்தான் போட முடியாது.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்ததும் அம்மா அரிசி டின்னைத் திறந்து பார்த்தார். நான் மாத்திரை அட்டையை எண்ணினேன். பதினொரு நாளைக்கு இருந்தது. நாங்கள் வாங்குவது புதுச்சேரியில். சினிமா பார்க்கக்கூடப் போய்வருகிற தூரம்தான். ஆனால் முள்ளோடையில் எல்லையை அடைத்துவிட்டார்கள். “ரெண்டு நாள் போடாட்டி என்ன?” என்றார் ஒரு உறவினர். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு விறைத்து, கடும் காய்ச்சல் வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நேரத்தில் காய்ச்சல் என்றால் யார் கிட்டே வருவார்கள்? பூனைக்காலி விதையில் லெவோடோபா இருக்கிறதே என்றார் இன்னொருவர். இருக்கிறது, உண்மைதான். ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு என்று யார் அளந்து சொல்வது? கடைசியில் எல்லைக்கு அந்தப் பக்கம், கன்னியக்கோயிலில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிச் சோதனைச் சாவடி வரை கொண்டுவந்தார். ஒரு போலீஸ்காரர் அதை இந்தப் பக்கம் நீட்டினார். அவர் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

மாத்திரை கிடைத்தது, அப்பாவின் நடை போய்விட்டது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் தினம் நடந்தவர், மூன்றே வாரத்தில் சமையலறை நிலைப்படியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றார். பிடித்து இழுத்தால் விழுவார். பிசியோதெரபிஸ்ட் போனிலேயே வழி சொன்னார். கூடத்திலிருந்து சமையலறை வரை ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சாக்பீஸ் கோடு போட்டேன். தானாக நடக்கிற பழக்கத்தைத்தான் நோய் கெடுக்கிறது. கண்ணால் பார்த்துத் தாண்டுகிற வழி மிச்சம் இருக்கிறது. “நடங்கப்பா” என்றால் நகராத கால், “கோட்டைத் தாண்டுங்க” என்றால் தாண்டியது. அப்பாவுக்குச் சிரிப்பு. “ரேஷன் கடையில நிக்கிறதுக்கு வட்டம் போடுறான். எனக்கு நடக்கிறதுக்குக் கோடா?”

அந்தச் சிரிப்பு எங்களுக்குத்தான் தெரியும். முகத் தசை விறைத்துப்போனதால் பார்ப்பவர்களுக்கு அவர் எப்போதும் கோபமாக இருப்பதாகத் தோன்றும். குரலும் தணிந்துவிட்டது. அதற்கு மேல் முகக்கவசம் வேறு. வீடியோ காலில் பேரன், “தாத்தாவுக்கு என்மேல கோவமா?” என்று அழுதான்.

அடுத்த வருஷம் அப்பாவைத் தடுப்பூசி போடக் கூட்டிப்போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் வெகுநேரம் காத்திருந்தோம். எங்கள் முறை வந்தபோது கை உதறிக்கொண்டிருந்தது. ஊசி போட வந்த பெண், “என்ன தாத்தா, பயமா?” என்று கேட்டார். கவசத்துக்குள் அப்பா சொன்ன பதில் அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

“மணி பத்தாயிடுச்சு.”