சென்னையைச் சந்தேகிக்கிறோம், சியோலை நம்பிவிடுகிறோம்

(திரையில்: இருட்டிய வரவேற்பறை. தொலைக்காட்சியின் வெளிச்சம் மட்டும்.)

சென்னைத் தொடர் ஒன்றில் நள்ளிரவு. வீடே தூங்குகிறது. தண்ணீர் குடிக்க எழுந்து வருகிறாள் மருமகள். பட்டுச் சேலை, நெற்றிச்சுட்டி, கலையாத உதட்டுச்சாயம். "இப்படி யாராவது படுப்பார்களா?" என்று கேட்காத வீடு நம்மூரில் இல்லை.

அதே வீட்டில், அடுத்த நாள், கைத்தொலைபேசியில் கொரிய நாடகம். பகுதிநேர வேலை செய்து பிழைக்கும் பெண்ணுக்குக் காட்சிக்குக் காட்சி புதிய மேலங்கி. கண் விழிக்கும்போதே முகத்தில் முழு ஒப்பனை. இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. "என்ன இயல்பான நடிப்பு" என்று பாராட்டு வேறு.

வணக்கம். ஆசியத் தொலைக்காட்சி நாடகங்களில் எது உண்மைபோல் இருக்கிறது, எது பொய் என்று பார்வையாளர்கள் எப்படித் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்பதுதான் இந்த வீடியோ. திருகோணமலையிலிருந்து பேசுகிறேன். சென்னைத் தொடர், சிங்களத் தொலைநாடகம், சிங்களக் குரலில் கொரிய நாடகம், வசனங்களைத் திரையில் வாசித்தபடி பார்க்கும் சீன நாடகம் எல்லாம் ஒரே வீட்டில் ஓடுகிற ஊர் இது. ஒப்பிட்டுப் பார்க்க வசதியான இடம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரிந்த இடத்தில் குறை பிடிக்கிறோம், தெரியாத இடத்தில் மயங்குகிறோம். மருமகளின் குசினி நமக்குத் தெரியும். அங்கே கரி பிடிக்காத சட்டியைக் கண்டால் உடனே கண்ணில் குத்தும். சியோலில் ஓர் அறையின் வாடகை நமக்குத் தெரியாது. ஆகவே கதாநாயகியின் விசாலமான மாடி வீட்டை ரசித்துவிட்டுப் போகிறோம். அந்த வாடகையைக் கட்டுகிற கொரியர்தான் "இந்தச் சம்பளத்தில் இந்த வீடா?" என்று முணுமுணுப்பார்.

இன்னொன்றும் நம் கண்ணுக்குத் தப்புகிறது. நாடகத்துக்குள்ளேயே பொருட்களை வைத்து விளம்பரம் செய்வது கொரியாவில் 2010இல் சட்டபூர்வமாக அனுமதிக்கப்பட்டது. காதலர்கள் சண்டை பிடிக்கவும், சமாதானமாகவும், பிரிந்து மறுபடி சேரவும் ஒரே சாண்ட்விச் கடைக்குப் போவதன் ரகசியம் அதுதான். நமக்கு அது சியோலின் வாழ்க்கை முறை. அவர்களுக்கு அது விளம்பரம்.

(திரையில்: கொரிய அரச உடை, சாப்பாட்டு மேசை ஒன்றின் வரைபடம்.)

தெரிந்தவர்கள் கோபப்பட்டால் என்ன நடக்கும்? 2021 மார்ச்சில் கொரியாவின் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சி 'ஜோசன் எக்ஸார்சிஸ்ட்' என்ற சரித்திர மாயக்கதையைத் தொடங்கியது. பேய்களும் பிணங்களும் எழுந்து வரும் கதை. பேய்களைப் பற்றி யாரும் முறையிடவில்லை. கொரியாவை ஆண்ட ஜோசன் அரச வம்சத்துக் காலத்து விருந்து மேசையில் சீனாவின் நிலாக் கேக்கையும் பதப்படுத்திய முட்டையையும் வைத்ததுதான் பிரச்சினையானது. விளம்பரதாரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். பெரும்பகுதி படமாக்கப்பட்டு முடிந்த தொடர், இரண்டே பகுதிகளோடு அதே வாரத்தில் நிறுத்தப்பட்டது.

இந்தச் சம்பவத்தை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. செத்தவன் எழுந்து நடப்பதை ஏற்றுக்கொண்டவர்கள் ஒரு கேக்கை ஏற்கவில்லை. பார்வையாளர் கேட்பது "இது நடந்திருக்குமா?" என்பதை அல்ல, "இது எங்கள் வீடுதானா?" என்பதை. (அந்தக் கோபத்தில் சீனா மீதான அரசியல் எரிச்சலும் கலந்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வெறும் சாப்பாட்டுச் சண்டை அல்ல அது.)

கொரியர்கள் தங்கள் மேசையைக் காத்தார்கள். அடுத்தவர் வீட்டைக் காட்டும்போது அதே கவனம் இருந்ததா? அதே 2021இல் 'ராக்கெட் பாய்ஸ்' என்ற பூப்பந்து நாடகத்தில் ஜகார்த்தாவில் நடக்கும் போட்டி வந்தது. விருந்தினர் அணியை மோசமாக நடத்துபவர்களாக இந்தோனேசியர்களைக் காட்டியிருந்தார்கள். பூப்பந்தை உயிராக நினைக்கும் நாட்டைப் போய் அப்படிக் காட்டினால் சும்மா இருப்பார்களா? தொலைக்காட்சி மன்னிப்புக் கேட்டது. 2023இல் 'கிங் த லேண்ட்' நாடகத்தில் பெண்பித்துப் பிடித்த அரபு இளவரசன் ஒருவன் வந்தான். அரபுப் பார்வையாளர்கள் கொதித்தார்கள், அங்கும் மன்னிப்பு. அந்த அரபு இளவரசனாக நடித்தவர் டெல்லியைச் சேர்ந்த அனுபம் திரிபாதி. 2021இல் 'ஸ்குவிட் கேம்' தொடரில் அலி என்ற பாகிஸ்தான் தொழிலாளியாக வந்தவரும் இவரேதான். இந்தியர், பாகிஸ்தானியர், அரபியர் எல்லோருக்கும் ஒரே முகம் போதும் என்ற கணக்கு. கொரியாவையும் ஜப்பானையும் சீனாவையும் நம்மில் பலர் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதால் இதில் நாம் அதிகம் வாதாட முடியாது.

(திரையில்: இருட்டில் நிற்கும் ரயில்.)

இனி எனக்குப் பிடித்த உதாரணம். 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ', 2019 டிசம்பரில் தொடங்கியது. தென்கொரியச் செல்வந்தப் பெண் பாராகிளைடரில் பறக்கும்போது சூறாவளியில் சிக்கி வடகொரியாவில் விழுகிறாள். அங்கே அழகான இராணுவ அதிகாரி. இதைவிடப் பெரிய பொய்க்கதை வேண்டுமா? ஆனால் வடகொரியாவிலிருந்து வெளியேறித் தெற்கில் வாழ்பவர்கள் பலர் இந்த நாடகத்தின் கிராமக் காட்சிகளைப் பாராட்டினார்கள். காரணம், வடக்கிலிருந்து வந்த ஒருவர் எழுத்துக் குழுவில் இருந்தார். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இறைச்சியை உப்பிட்டு நிலவறையில் வைப்பது, அயலவர் பேச்சை ஒட்டுக்கேட்பதையே உத்தியோகமாகக் கொண்டவன், சந்தையில் மேசைக்கு அடியில் ஒளித்து விற்கும் தெற்கத்திய சாமான்கள் என்று காதல் கதையைச் சுற்றி அன்றாடம் நிறைந்திருக்கிறது.

அதில் ஒரு காட்சி. பியோங்யாங் போகும் ரயில் மின்சாரம் இல்லாமல் நடுவழியில் நின்றுவிடுகிறது. பயணிகள் யாரும் பதறுவதில்லை. வழக்கமான விடயம்போல் இறங்குகிறார்கள். சுற்று வட்டாரத்து மக்கள் சாப்பாடும் போர்வையும் விற்க ஓடி வருகிறார்கள். இந்தக் காட்சி மொங்கோலியாவில் எடுக்கப்பட்டது, இடம் பொய். ஆனால் மின்வெட்டில் வாழ்ந்தவன் அந்தப் பதறாத முகங்களை உடனே அடையாளம் காண்பான். யுத்த காலத்தில் விளக்கு வெளிச்சத்தில் படித்தவர்களும், 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை இருட்டில் இருந்த நாமும் இந்தக் காட்சிக்குப் பொருத்தமான நீதிபதிகள். கோபம் முதல் வாரத்தோடு முடிந்துவிடும். பிறகு மெழுகுதிரி விலையைப் பற்றித்தான் பேச்சு.

ஆகவே தூரத்து நாடகத்தைத் தீர்ப்பிட நமக்கு அருகதையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சில விடயங்களுக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை. பசியும் கூலியும் அப்படிப்பட்டவை.

'ஒஷின்' நினைவிருக்கிறதா? ஜப்பானின் என்.எச்.கே. 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை, பதினைந்து பதினைந்து நிமிடங்களாக, 297 பகுதிகள் ஒளிபரப்பிய நாடகம். பிறகு இலங்கையிலும் வந்தது. ஒரு மூடை அரிசிக்காக ஏழு வயதுப் பிள்ளை வேலைக்கு அனுப்பப்படுகிறாள். வீட்டில் முள்ளங்கி கலந்து பெருக்கிய சோறு. பனியை நம்மூரில் யாரும் கண்டதில்லை, கிமோனோ உடுத்ததில்லை. ஆனால் அரிசியை எதைக் கலந்து பெருக்கலாம் என்பதும், வேலைக்கு விடப்பட்ட பிள்ளை எந்த மூலையில் சாப்பிடும் என்பதும் இங்குள்ள தாய்மாருக்குத் தெரியும். அதனால்தான் அது ஜப்பானியக் கதையாகவே இருந்துகொண்டு நம் வீட்டுக்குள் வந்தது.

2014இல் வந்த 'மிசெங்' என்ற கொரிய நாடகம் இன்னொன்று. வர்த்தக நிறுவனத்தில் ஒப்பந்த ஊழியனாகச் சேரும் இளைஞன். காதல் இல்லை என்றே சொல்லலாம். உழைக்கிறான், மேலதிகாரியின் மதிப்பைப் பெறுகிறான், கடைசியில் அவனுக்கு நிரந்தர நியமனம் கிடைப்பதில்லை. அந்தப் பாத்திரத்தின் பெயர் கொரியாவில் ஒப்பந்தத் தொழிலாளர் சட்ட யோசனை ஒன்றுக்கே பட்டப்பெயராகிவிட்டது. பட்டம் முடித்துவிட்டு நியமனக் கடிதத்துக்காகக் காத்திருந்த எவருக்கும் அந்த முடிவு உறைக்கும்.

'ஜுவல் இன் த பேலஸ்' என்ற கொரியச் சரித்திர நாடகம் வேறு வகை. ரூபவாஹினி 'சுஜாத தியணி' என்று சிங்களக் குரலில் காட்டியபோது தமிழ் வீடுகளும் பார்த்தன. ஜோசன் அரச குறிப்புகளில் ஜாங்கும் என்ற பெண் வைத்தியர் பற்றி இருப்பது சில வரிகள்தான். அந்தச் சில வரிகளைத்தான் ஐம்பத்து நான்கு பகுதிகளாக விரித்தார்கள், மற்றதெல்லாம் கற்பனை. ஆனால் அரண்மனைச் சமையலை அதன் பாரம்பரியத்தைக் காக்கும் ஹான் போக்-ரியோ மேற்பார்வை செய்தார். வாழ்க்கை வரலாறு புனைவு. மரக்கறி நறுக்கும் கை நிஜம். வாள் சண்டையைவிட அந்தக் குசினியை நம் அம்மாமார் கூர்ந்து பார்த்ததில் ஆச்சரியமில்லை.

(திரையில்: ஒரே வரவேற்பறை, பல கோணங்களில்.)

சரி, சென்னைத் தொடருக்கு வருவோம். அதைத் திட்டுவது எளிது. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்' 1,500 பகுதிகளைத் தாண்டியது. விளம்பரம் போக ஒரு பகுதி சுமார் 22 நிமிடம் என்று வைத்தாலும் மொத்தம் 550 மணி நேரம். வழக்கமான கொரிய நாடகம் 16 பகுதிகள். பகுதிக்கு 70 நிமிடம் என்றாலும் 19 மணி நேரத்துக்குள் கதை முடிந்துவிடும். வாரத்துக்கு ஐந்து, ஆறு பகுதிகள் கொடுத்தே ஆக வேண்டியவர்களுக்கு ஒவ்வொரு காட்சிக்கும் விளக்கை மாற்றி அமைக்க நேரமில்லை. எங்கும் ஒரே பளிச்சென்ற வெளிச்சம், ஒரே வீடு. ஓர் அதிர்ச்சி வசனத்துக்கு எட்டு முகங்களை மூன்று முறை காட்டினால் நிமிடங்கள் நிரம்பும். அடுத்த வாரத்து டி.ஆர்.பி.யைப் பார்த்துத்தான் மாமியார் நல்லவளா கெட்டவளா என்பதே முடிவாகும். நெற்றிச்சுட்டியோடு தூங்குவது அறியாமையால் அல்ல, அவசரத்தால்.

அதற்காக எல்லாவற்றையும் மன்னிக்க நான் தயாரில்லை. நேரமின்மை சேலைக்குக் காரணம் சொல்லும்; படித்த பெண் ஒருத்தி ஆறு மாதம் பொய்ப் பழியைச் சுமந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நிற்பதற்குக் காரணம் சொல்லாது. நம் பெண்கள் தொடரைப் பார்த்து எரிச்சலில் கத்துவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். உடுப்பைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நடத்தையைப் பார்த்துக் கோபப்படுகிறார்கள். இரண்டில் எது பெரிய குற்றம் என்பதை அவர்களே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

கொரியாவைத் தெரிந்தவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். 2004இல் தொடங்கிய கொரிய வேலை அனுமதித் திட்டத்தில் ஆரம்பத்திலேயே சேர்ந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. மொழிப் பரீட்சை எழுதித் தேறி, தொழிற்சாலையிலும் பண்ணையிலும் மீன்பிடியிலும் வேலை பார்த்தவர்கள் நாடு முழுவதும் உண்டு. அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு காதல் நாடகத்தைப் பாருங்கள். அவர்கள் அறிந்த இரவு வேலை, கண்டெய்னர் அறை, குளிரில் வெடித்த கை எதுவும் அதில் இருக்காது. மாதக்கணக்கில் சம்பளம் தராத முதலாளியிடம் அலி கெஞ்சும் காட்சி விதிவிலக்கு. சியோலின் காபிக் கடைகள் பொய்யல்ல. அந்த நகரத்தின் மற்றப் பாதி திரைக்கு வெளியே நிற்கிறது, அவ்வளவுதான்.

கடைசியாக, காது. பல சீன நாடகங்களில் நடிகரின் உதடு மட்டும்தான் அவருடையது. குரல் வேறு கலைஞருடையது. சீனப் பார்வையாளர்கள் நடிகரின் சொந்தக் குரலையே கேட்க வேண்டும் என்று வாதிடுகிறார்கள். நமக்கு இந்தக் குறை கேட்பதே இல்லை. ஆனால் 2021 ஜூனில் 'த ஃபேமிலி மேன்' என்ற இந்திய இணையத் தொடரின் இரண்டாம் பருவம் வந்தபோது கேட்டது. ஈழப் போராளியாகச் சமந்தா. தமிழ்நாடு அரசே தடை கோரி மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது; அந்த அரசியல் ஒருபுறம் இருக்கட்டும். இந்தியத் திரையில் இலங்கைத் தமிழர் வாய் திறந்தாலே நம் காது கூசுகிறது. எல்லோருக்கும் ஒரே பேச்சு, அதுவும் யாரோ சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்த பேச்சு. திருகோணமலை நகரத்தார் பேசுவது வேறு, கிண்ணியா, மூதூர் முஸ்லிம் மக்கள் பேசுவது வேறு. வடக்கத்தியச் சாயல் இன்னும் வேறு.

இங்கே ஒருவர் நாடகம் எடுக்க வந்தால் நம் ஆட்கள் எங்கெங்கே பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உப்புவெளிக் கரையில் நின்று, கடலில் சூரியன் மறைவதைப் பார்த்துக் கதாநாயகன் அழுதால் அந்த இடத்திலேயே சனல் மாறும். அந்தக் கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. கோட்டைக்குள் மான்களைக் கண்டு உள்ளூர்ப் பெண் வியந்து நின்றால் சிரிப்பார்கள்; இங்கே மான் பஸ் நிலையப் பக்கமும் மேயும். சந்தையில் மீன் விற்பவர் ஒரே மூச்சில் தமிழிலும் சிங்களத்திலும் விலை சொல்லாவிட்டால், அது படப்பிடிப்புக்காகப் போட்ட கடை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.