வயிறு வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொல்லும்போது

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். பள்ளிப் பிள்ளைகள் சொல்லும் உடல் உபாதைகளைப் பள்ளிச் செவிலியர் எவ்வாறு மதிப்பிடுகிறார் என்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம் ஊர்ப் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் செவிலியர் கிடையாது. விடுதியுள்ள பள்ளிகளிலும் சில தனியார் பள்ளிகளிலும்தான் எங்களைப் போன்றோர் இருக்கிறோம். மற்ற இடங்களில் அந்தப் பொறுப்பு வகுப்பாசிரியரிடமோ பி.டி. ஆசிரியரிடமோ போய்ச் சேருகிறது. ஆகவே இந்தப் பேச்சு அவர்களுக்கும், காலையில் பிள்ளையைச் சீருடை மாட்டி அனுப்பும் பெற்றோருக்கும் சேர்த்துத்தான்.

1902-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில், சொறி, பேன், கண்நோய் உள்ள பிள்ளைகளை மருத்துவர்கள் பள்ளியில் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் மருந்து போட ஆளில்லாததால் பலர் வகுப்புக்குத் திரும்பவே இல்லை. அவ்வாண்டு அக்டோபரில் லினா ரோஜர்ஸ் என்ற செவிலியர் நான்கு பள்ளிகளில் பணியில் அமர்ந்து, பள்ளியிலேயே மருந்திட்டார்; வீடுதோறும் சென்று தாய்மாருக்கும் சொல்லிக்கொடுத்தார். ஓராண்டுக்குள் வீட்டுக்கு அனுப்பப்படுவோர் தொகை வெகுவாகக் குறைந்தது. ஒரு பிள்ளை வகுப்பில் உட்கார முடியாமல் போவதற்கு என்ன காரணம் என்று தேடிப் போவதே இந்தப் பணியின் வேர் என்பதால்தான் இதைச் சொன்னேன்.

கேட்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும். பிள்ளை சிக் ரூம் வாசலில் நுழையும்போதே அது எப்படி நடக்கிறது, நிமிர்ந்து வருகிறதா, வயிற்றைப் பிடித்துக் குனிந்து வருகிறதா, உதடு வெளுத்திருக்கிறதா, மூச்சு எப்படி ஓடுகிறது என்பதையெல்லாம் கவனித்துவிடுவேன். மூச்சு வாங்குவதால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாத பிள்ளையிடம் கேள்விகளை அடுக்கிக்கொண்டிருக்கக் கூடாது. இன்ஹேலர் இருந்தால் உடனே கொடுத்து, மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

இனி வயிற்றுவலி. நேயர்களே, பிள்ளைகளின் மொழியில் 'வயிறு வலிக்குது சிஸ்டர்' என்பதற்குள் எத்தனையோ அடங்கியிருக்கும். பசி, மலச்சிக்கல், கணக்குத் தேர்வு, மாதவிடாய், தொண்டை வீக்கம், சில வேளைகளில் உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும் நோய், எல்லாமே அந்த ஒரு சொல்லோடுதான் வருகின்றன. 'ஒரே விரலால் வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டு கண்ணு' என்பேன். உள்ளங்கையை விரித்துத் தொப்புளைச் சுற்றித் தடவிக் காட்டும் பிள்ளைகளே அதிகம். வலி தொப்புளிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு உள்ளே ஒரு நோய் இருக்கலாம் என்று ஐயுற வேண்டும் என்பது ஜான் ஆப்லி என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் வகுத்த வழி. ஆனால் அப்பெண்டிசைட்டிஸ் என்று சொல்லும் குடல்வால் அழற்சியும் தொப்புளைச் சுற்றித்தான் தொடங்கும். சில மணி நேரம் கழித்தே வலப்பக்கம் கீழே இறங்கும். அதனால் வலப்பக்கம் வலிக்கவில்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லிப் பார்ப்பேன். சிரித்துக்கொண்டே குதிக்கும் பிள்ளையைப் பற்றிப் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு குதிப்பிலேயே முகம் சுளித்து நின்றுவிடும் பிள்ளையை, சாப்பாட்டைக் கண்டாலே வேண்டாம் என்னும் பிள்ளையை, பச்சை நிறத்தில் வாந்தி எடுக்கும் பிள்ளையை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். பையன்கள் விஷயத்தில் இன்னொன்று: அடிவயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்லி, வெட்கத்தால் விதைப்பையில் உள்ள வலியை மறைத்துவிடுவார்கள். விதை முறுக்கிக்கொண்டால் 6 மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைப்பது நல்லது. 'வேறு எங்காவது வலிக்கிறதா தம்பி' என்று தனியாக அழைத்துக் கேட்பது அதனால்தான்.

என் மேசையில் ஒரு நோட்டு உண்டு. வந்த பிள்ளை, வகுப்பு, மணி, சொன்ன தொல்லை என்று எழுதி வைப்பேன். ஒரு காலத்தில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பிற்பகலில் அடிக்கடி வயிற்றுவலி என்று வந்தாள். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. ஒருநாள் அவளுடைய தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். காலையில் வீட்டில் நிரப்பிய தண்ணீர், மூன்று மணிக்கும் மூடி வரை நின்றிருந்தது. மெல்லக் கேட்டபோது, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அதனால் போவதில்லை, போகாமலிருக்கத் தண்ணீர் குடிப்பதில்லை என்றாள். நோட்டைப் புரட்டினால், அதே தளத்துச் சிறுமிகள் பலர் அதே நேரத்தில் அதே வலியோடு வந்திருந்தார்கள். சிலருக்குச் சிறுநீர் எரிச்சலும் இருந்தது. அவர்களை மருத்துவரிடம் அனுப்பினோம். தலைமையாசிரியரிடம் நோட்டைக் காட்டினேன். தாழ்ப்பாள் போடப்பட்டது, பிற்பகல் வருகை மெல்ல மெல்லக் குறைந்தது. ஒவ்வொருத்திக்கும் ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தால் அந்தக் கதவு இன்றும் அப்படியேதான் இருந்திருக்கும். நோட்டில் எழுதுங்கள் என்று ஆசிரியர்களை நான் ஓயாமல் வற்புறுத்துவது இதனால்தான். மீண்டும் சொல்கிறேன், வகுப்பையும் மணியையும் சேர்த்து எழுதுங்கள்.

தலைவலிக்கும் காலை வணக்கக் கூட்டத்தில் மயங்கி விழுவதற்கும் நான் முதலில் கேட்பது 'காலையில் என்ன சாப்பிட்டாய்' என்பதே. 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்குமானது. வெறும் டீயோடு பேருந்து ஏறும் பெரிய பிள்ளைகளை வீடுதான் கவனிக்க வேண்டும். சாப்பிட்டும் தலை வலிக்கிறது என்றால், கரும்பலகை தெரிகிறதா, தலையில் அடிபட்டதா என்று கேட்க வேண்டும்.

நேரம் முடியப் போவதாகச் சைகை காட்டுகிறார்கள். காய்ச்சலைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தெர்மாமீட்டர் வையுங்கள். பாரசிட்டமால் அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது. ஆஸ்பிரினைப் பிள்ளைகளுக்கு நீங்களாகக் கொடுக்கவே கூடாது. டெங்குக் காலத்தில், காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சோர்வு, இரத்தக் கசிவு இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று பள்ளிக்கு அனுப்பிவிடாதீர்கள். பள்ளியிலிருந்து பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்போது, எந்த மாத்திரை, எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்பதை ஒரு சீட்டில் எழுதி அனுப்புங்கள். வீட்டில் அதையே மறுபடியும் கொடுத்துவிடாமல் இருக்க அது உதவும். நன்றி, வணக்கம்.