எங்கே விளைந்தது தெரியும், எப்போது பறித்தது?

[காட்சி: விடியும் நேரம். ஒரு கை கீரையை அறுக்கிறது.]

தண்டோடு அறுத்த அந்த நொடியில் கீரை செத்துவிடுவதில்லை. இன்னும் மூச்சு விடுகிறது. உள்ளே சேர்த்து வைத்த சர்க்கரையை எரித்து, சூட்டையும் ஈரத்தையும் வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. மண்ணில் நின்றவரை வேர் தண்ணீர் கொடுத்தது, வெயிலில் இலை தனக்கான உணவைத் தயாரித்துக்கொண்டது. இப்போது வரவு நின்றுவிட்டது, செலவு மட்டும் நடக்கிறது.

பக்கத்துத் தோட்டத்தில் விளைந்ததை வாங்குவது நல்லது என்று பேச ஆரம்பித்தாலே கிலோமீட்டர் கணக்குதான் வரும். என்னைக் கேட்டால் மணிக்கணக்குதான் முக்கியம். பறித்து எவ்வளவு நேரமாயிற்று, அந்த நேரமெல்லாம் எவ்வளவு சூட்டில் கிடந்தது, இந்த இரண்டும் தெரிந்தால் போதும்.

[காட்சி: மக்காச்சோளக் கதிரின் தோலை உரிக்கிறார்கள்.]

இனிப்பு மக்காச்சோளத்தைப் பாருங்கள். வழக்கமான ரகங்களை 30 டிகிரி செல்சியஸ் சூட்டில் விட்டுவைத்தால், ஒரே நாளில் சர்க்கரையில் பாதிக்கும் மேல் மாவுச்சத்தாக மாறிவிடலாம். 0 டிகிரியில் வைத்தால் அதே ஒரு நாளில் 6 சதவீதம் அளவுக்குத்தான் போகும். அதிக இனிப்புக்காகவே உருவாக்கிய புது ரகங்கள் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பச்சைப் பட்டாணிக்கும் இதே நிலைமைதான்.

பொதுவாக, சூடு 10 டிகிரி ஏறினால் காய்கறியின் மூச்சு இரண்டு மூன்று மடங்கு வேகமாகும். அதனால்தான் கவனமுள்ள விவசாயி வெயில் ஏறுமுன் பறித்து நிழலில் வைத்துவிடுவார். ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: பக்கத்து ஊரில் பறித்து மதியம் வரை வெயிலில் கிடந்த கீரையைவிட, தூரத்திலிருந்து குளிர்பதன லாரியில் வந்த கீரை நன்றாக இருக்கலாம். பறித்த சில மணி நேரத்தில் உறையவைத்த பட்டாணியில்கூட, நாலு நாள் கிடந்த 'புதுப்' பட்டாணியைவிட வைட்டமின் சி அதிகம் இருக்கலாம்.

[காட்சி: தக்காளி. காம்பைச் சுற்றிப் பச்சை படர்ந்த ஒன்று, முழுக்கச் சிவந்த ஒன்று.]

அப்புறம் தக்காளி. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும்.

நெடுந்தூரம் போகவேண்டிய தக்காளியை நன்றாகப் பழுத்த பிறகு பறிக்க முடியாது, வழியிலேயே நசுங்கிவிடும். முற்றிய பச்சையிலோ, லேசாக நிறம் திரும்பும்போதோ பறித்துவிடுவார்கள். பிறகு எத்திலீன் வாயு கொடுத்துப் பழுக்கவைப்பதும் உண்டு. எத்திலீன் விஷமில்லை, பழம் தானே சுரக்கும் வாயுதான். ஆனால் சீக்கிரம் பறித்த பழத்துக்குச் செடியிலிருந்து வரவேண்டிய சர்க்கரை முழுதாக வந்து சேர்ந்திருக்காது.

ரகமும் ஒரு காரணம். ஒரே சீராகச் சிவக்கிற தக்காளிதான் கடைக்கு அழகு என்று பல பத்தாண்டுகளாக அதையே தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். 2012இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தச் சீரான நிறத்தைக் கொடுக்கும் மரபணு மாற்றமே பழத்தின் சர்க்கரையைக் குறைக்கிறது என்று காட்டியது. காம்பருகே கரும்பச்சையாக இருக்கும் காயில் பச்சையம் அதிகம். அது காயிலேயே கொஞ்சம் சர்க்கரை செய்யும். நாம் குறை என்று ஒதுக்கிய, காம்பைச் சுற்றிய அந்தப் பச்சை ருசிக்கு உதவியிருக்கிறது! பக்கத்தில் விற்பவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. தோல் மெலிந்த, நாலு நாள் தாங்காத, ருசியான ரகத்தை அவர் தைரியமாக நடலாம். நேரில் வாங்குவதில் எனக்குப் பெரிதாகப் படும் லாபம் இதுதான்.

உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு எல்லாம் மாதக்கணக்கில் தாங்கும், அவற்றுக்கு அவசரமில்லை. ஸ்ட்ராபெர்ரியும் திராட்சையும் பறித்த பிறகு பழுக்கவே பழுக்காது. அவற்றைச் செடியிலேயே கனிந்தபின் பறித்தவரிடம் வாங்குங்கள்.

[காட்சி: நெடுஞ்சாலையில் லாரிகள்.]

சுற்றுச்சூழல்? இங்கே அளவோடு பேசவேண்டும். அமெரிக்க வீடுகளின் உணவைக் கணக்கிட்ட 2008ஆம் ஆண்டு ஆய்வில், உணவால் வரும், பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் போக்குவரத்தின் மொத்தப் பங்கு 11 சதவீதம். விளைவித்த இடத்திலிருந்து கடைக்கு வரும் கடைசிப் பயணம் வெறும் 4 சதவீதம். பெரும்பகுதி விளைவிக்கும்போதே வந்துவிடுகிறது. விமானத்தில் வரும் காய் மட்டும் விதிவிலக்கு. பக்கத்திலேயே என்றாலும், சூடேற்றிய கண்ணாடிக் குடிலில் விளைந்த தக்காளிக்குச் செலவாகும் எரிபொருளையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

[காட்சி: சந்தை. பெட்டிகளுக்குப் பின்னால் நிற்கும் ஒரு பெண்.]

சரி, சந்தைக்கு வந்துவிட்டோம். முதலில் காம்பின் வெட்டுவாயைப் பாருங்கள். ஈரமாக இருந்தால் இன்று அறுத்தது, காய்ந்து பழுப்பேறியிருந்தால் நாளாகிவிட்டது. பீன்ஸை ஒடித்தால் சத்தம் கேட்கவேண்டும். அப்புறம் கேளுங்கள்: "எப்போ பறிச்சீங்க? இது என்ன ரகம்? அடுத்த வாரம் என்ன வரும்?" விளைவித்தவர் யோசிக்காமல் சொல்லிவிடுவார். பருவமே பார்க்காமல் எல்லாக் காயும் ஒரே மேசையில் இருந்தால், மொத்தச் சந்தையில் எடுத்து விற்பவராக இருக்கலாம். அதில் தப்பில்லை, தெரிந்து வாங்குங்கள். பக்கத்தில் விளைந்தது என்பதாலேயே மருந்து அடிக்காதது என்று ஆகிவிடாது. அதையும் கேளுங்கள்.

விளைவித்தவரின் கவலையையும் நினைத்துப் பார்க்கிறேன். அறுத்த கீரை அவருக்காகக் காத்திருக்காது. சாயங்காலத்துக்குள் விற்காவிட்டால் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடவேண்டும். இந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ள வழி உண்டு. ஜப்பானில் 1970களில் குடும்பங்கள் சேர்ந்து விவசாயிகளோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்டன. அதற்குத் தெய்கெய் என்று பெயர். 1986இல் அமெரிக்காவில் இரண்டு பண்ணைகள், பருவம் தொடங்குமுன்பே பணம் வாங்கிக்கொண்டு விளைச்சலைப் பங்கிட்டுக் கொடுக்க ஆரம்பித்தன. விளைச்சல் குறைந்தால் பங்கும் குறையும். நாலைந்து வீடுகள் சேர்ந்தால் ஒரு விவசாயியிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

[காட்சி: சமையலறை. பை திறக்கிறது.]

வாங்கியதை வண்டியின் சூட்டில் விட்டுவைக்காமல் நேராக வீட்டுக்கு வாருங்கள். கீரையை ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். தக்காளியை வெளியே வையுங்கள், 12 டிகிரிக்குக் கீழே போனால் மணம் குறையும். ஆப்பிளும் வாழைப்பழமும் எத்திலீன் விடுபவை, கீரையின் பக்கத்தில் இருந்தால் இலை மஞ்சளாகும். முள்ளங்கியோ கேரட்டோ இலையோடு வாங்கினால் உடனே இலையை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கிழங்கின் ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும். வெட்டிய இலையை எறியாதீர்கள், அன்றைக்கே சமைத்துவிடலாம்.