வெஜிட்டா வென்றுகொண்டிருந்தபோது பூமி எப்படி அழிந்தது? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். சென்ற காணொளியின் முடிவில், 2015-ஆம் ஆண்டு வெளிவந்த 'டிராகன் பால் இசட்: ரெசரெக்‌ஷன் எஃப்' என்ற ஜப்பானிய அனிமேஷன் திரைப்படத்தைப் பற்றி உங்களுக்குச் சந்தேகம் ஏதேனும் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரு நேயரின் கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். "கடைசிக் கட்டத்தில் ஃப்ரீஸாவிடம் தெம்பே இல்லை. வெஜிட்டா அவனை அடித்துக் கீழே தள்ளிவிட்டான். அப்படியிருக்க, பூமி எப்படி அழிந்தது? அழிந்த பூமியை விஸ் காலத்தைத் திருப்பி மீட்டுக் கொடுப்பது கதாசிரியர் எடுத்துக்கொண்ட குறுக்குவழி இல்லையா?" என்று அவர் கேட்டிருக்கிறார். ஃப்ரீஸா இந்தப் படத்தின் வில்லன், வெஜிட்டாவும் கோக்குவும் அவனை எதிர்க்கும் நாயகர்கள், விஸ் அவர்களுக்குப் பயிற்சி தரும் குரு. படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இந்தக் காணொளியை இங்கேயே நிறுத்திவிடுவது நல்லது, ஏனென்றால் முடிவைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல இயலாது.

முதலில் ஃப்ரீஸா யார் என்பதைச் சுருக்கமாக நினைவுபடுத்திவிடுகிறேன். கிரகங்களைக் கைப்பற்றி, அங்கே வாழ்கிறவர்களை ஒழித்துவிட்டு, காலியான கிரகத்தை விலை பேசி விற்பது அவனுடைய தொழில். ஜப்பானில் நில விலை கட்டுக்கடங்காமல் ஏறிக்கொண்டிருந்த காலத்தில், குடியிருந்தவர்களை மிரட்டி வெளியேற்றி மனைகளை வளைத்துப்போட்ட ஆட்களை மனத்தில் வைத்தே இந்தப் பாத்திரத்தை உருவாக்கியதாக, மூலக் கதையை வரைந்த அகிரா தோரியாமா சொல்லியிருக்கிறார். இந்தப் படத்தின் திரைக்கதையும் அவர் எழுதியதுதான். கோக்குவும் வெஜிட்டாவும் பிறந்த சையன் இனம் ஃப்ரீஸாவுக்காகக் கிரகங்களைக் காலி செய்து கொடுத்த கூலிப்படையாக இருந்தது. அவர்களுடைய வலிமை ஒரு நாள் தன்னை மிஞ்சிவிடுமோ என்ற அச்சத்தில் அவர்களின் கிரகத்தையே அவன் அழித்தான். ஆகவே, பூமிக்காக அவனை எதிர்த்து நிற்கும் முக்கியமான இருவருமே வேற்றுக்கிரகத்தில் பிறந்தவர்கள் என்பதையும், அவர்களுக்கு அவனோடு பழைய கணக்கு ஒன்று இருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நாமெக் கிரகத்தில் கோக்குவிடம் தோற்ற ஃப்ரீஸா, பாதி இயந்திர உடலோடு பூமிக்கு வந்து, எதிர்காலத்திலிருந்து வந்த டிரங்க்ஸின் வாளால் துண்டு துண்டாக வெட்டப்பட்டு மாண்டது பழைய கதை. படம் தொடங்கும்போது அவன் நரகத்தில் இருக்கிறான். ஒரு மரத்தில் கூட்டுப்புழுவைப் போலக் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறான். சுற்றிலும் தேவதைகளும் பொம்மைகளும் வாத்தியம் வாசித்து ஆடிப் பாடிக்கொண்டிருக்க, அதைத் தாங்க முடியாமல் அவன் முகத்தைச் சுளிக்கிறான். எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த காட்சிகளில் இதுவும் ஒன்று. கொடியவனுக்கு ஏற்ற தண்டனை கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரை என்று நினைத்துப் பழகிய நமக்கு, இனிமையையே தண்டனையாக்கிக் காட்டும் குறும்பு தோரியாமாவுக்குத்தான் வரும்.

அவனுடைய படையில் எஞ்சியிருந்த சோர்பெட்டும் டகோமாவும் பூமிக்கு வந்து, 7 டிராகன் பந்துகளைக் கொண்டு வரம் தரும் டிராகனான ஷென்ரானை அழைத்து, தலைவனுக்கு உயிர் கேட்கிறார்கள். உடல் துண்டுகளாகிக் கிடப்பதால் உயிர் கொடுத்தாலும் துண்டுகளாகத்தான் திரும்பி வருவான் என்று ஷென்ரான் சொல்கிறது. அந்தத் துண்டுகளை அள்ளிச் சென்று, தங்களிடமுள்ள மருத்துவ இயந்திரத்தில் வைத்து ஒன்றுசேர்க்கிறார்கள். எழுந்து வந்த ஃப்ரீஸாவிடம், பழிவாங்கும் எண்ணத்தை விட்டுவிடலாமே என்று சொன்ன டகோமாவை அவன் அங்கேயே கொன்றுவிடுகிறான். அதன் பிறகு 4 மாதங்கள் பயிற்சி எடுத்துக்கொள்கிறான். பிறவியிலேயே அளவுகடந்த வலிமையோடு பிறந்ததால், அதுவரை வாழ்நாளில் ஒரு நாள்கூட அவன் பயிற்சி செய்ததில்லை. இந்த 4 மாதம்தான் பிற்பாடு அவனுக்குக் குழி பறிக்கிறது.

இனிச் சண்டைக்கு வருவோம். ஃப்ரீஸா 1,000 வீரர்களோடு பூமியில் இறங்கும்போது, கோக்குவும் வெஜிட்டாவும் அழிவின் கடவுளான பீரஸின் கிரகத்தில் விஸ்ஸிடம் பயிற்சியில் இருக்கிறார்கள். களத்தில் நிற்பவர்கள் கோக்குவின் மகன் கோஹான், கோஹானின் குரு பிக்கோலோ, கோக்குவின் நண்பன் கிரிலின், தியென் ஷின்ஹான், மாஸ்டர் ரோஷி, விண்மீன் காவல்படையைச் சேர்ந்த ஜாக்கோ ஆகிய 6 பேர். காவல்துறையில் வேலை செய்யும் கிரிலின், போருக்குப் புறப்படும் முன் தன் மனைவியைக் கொண்டு தலையை மழித்துக்கொள்கிறான். கோஹான் தன் சண்டை உடையை எடுத்துவர மறந்து, விளையாட்டு உடையிலேயே வந்து நிற்கிறான். குடும்பம், வேலை, படிப்பு என்று வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் திடீரென்று களத்துக்கு இழுக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதை இந்த இரண்டு சிறிய விவரங்களே காட்டிவிடுகின்றன. ஒருவருக்கொருவர் முதுகு காத்து, கூட்டத்தை நெருங்கவிட்டு, கையாலும் காலாலும் அடித்து வீழ்த்தும் அந்தப் பகுதியில்தான் இது ஒரு தற்காப்புக் கலைப் படம் என்ற உணர்வு முழுமையாகக் கிடைக்கிறது. பிற்பகுதியில் ஒளிப்பிழம்புகள் பெருகிவிடுகின்றன. மாஸ்டர் ரோஷி மேல்சட்டை கிழியும் அளவுக்குத் தசைகளை முறுக்கிக்கொண்டு அடிப்பதைக் காணும்போது, கோக்குவுக்கு முறையாகச் சண்டை கற்றுக்கொடுத்தவர் இவர்தானே என்ற நினைவு நமக்கு வருகிறது. விழுந்து கிடக்கும் தன் வீரர்களை ஃப்ரீஸாவே ஒரே வீச்சில் கொன்றுவிடுவதையும் கவனியுங்கள். எதிரிகளின் உயிரைப் பறிக்காமல் அடித்துப் போட்டிருந்தவர்கள் பூமியின் வீரர்கள்.

கேள்விக்கான விடை, சண்டைக்கு முன்னால் வரும் பயிற்சிக் காட்சியில் இருக்கிறது. கோக்குவும் வெஜிட்டாவும் சேர்ந்து தாக்கியும் விஸ்ஸைத் தொடக்கூட முடியவில்லை. அப்போது இருவரிடமும் உள்ள குறையை அவர் தனித்தனியாகச் சொல்கிறார். வெஜிட்டா எப்போதும் விறைப்பாக, யோசித்து யோசித்து அடியெடுத்து வைப்பதால் அவனுடைய வேகம் குறைகிறது. கோக்குவோ தன் வலிமையின் மீதுள்ள நம்பிக்கையில் அசட்டையாக இருந்து, காவலைத் தளர்த்திவிடுகிறான். ஏதோ குரு சொல்கிற வழக்கமான அறிவுரை என்று பலரும் கடந்துபோய்விடும் இந்த வார்த்தைகள், படத்தின் கடைசி 20 நிமிடங்களில் ஒன்றுவிடாமல் பலிக்கின்றன.

பூமிக்குத் திரும்பும் இருவரில் முதலில் கோக்கு மோதுகிறான். பயிற்சியில் பெற்ற புதிய வடிவத்தால் தங்க நிறத்துக்கு மாறிய ஃப்ரீஸா, தொடக்கத்தில் தன் வலிமை கூடிய நீல நிற வடிவில் இருக்கும் கோக்குவைவிட வலிமையானவனாகவே இருக்கிறான். ஆனால் அந்தப் புதிய வடிவத்துக்கு உடலைப் பழக்கப்படுத்திக்கொள்ளும் பொறுமை அவனுக்கு இல்லாததால், அவனுடைய ஆற்றல் வேகமாக வடிகிறது. இதைக் கோக்கு கண்டுகொண்டு அவனிடமே சொல்கிறான். இங்கே பழைய கதையை அறிந்தவர்களுக்கு ஒரு சுவை உண்டு. நாமெக்கில் ஃப்ரீஸா தன் முழு வலிமையையும் வெளிப்படுத்தியபோதும் அவனுடைய உடல் அதைத் தாங்காமல் தளர்ந்தது. அதைக் கண்ட கோக்கு, இனி உன்னோடு மோதுவதில் பயனில்லை என்று சண்டையை நிறுத்தினான். ஃப்ரீஸா பின்னாலிருந்து தாக்கினான். இரண்டு பேரும் அன்று செய்ததையே இன்றும் செய்கிறார்கள். திரும்பிப் போய்விடு என்று கோக்கு சொல்லிவிட்டு நிற்கும் அந்த ஒரு கணத்தில், சோர்பெட் தன் மோதிரத்திலிருந்து செலுத்திய ஒளிக்கற்றை அவனுடைய மார்பைத் துளைக்கிறது. கோக்குவின் வலிமையோடு ஒப்பிட்டால் சோர்பெட் ஒரு பொருட்டே இல்லை. காவல் தளர்ந்த உடலை எந்த அற்ப ஆயுதமும் துளைக்கும் என்பதைக் காட்டவே அந்த மோதிரம் கதையில் வைக்கப்பட்டிருக்கிறது.

அடுத்து வெஜிட்டா களம் இறங்குகிறான். ஃப்ரீஸா சொல்லும் ஆசை வார்த்தைகளை உதறிவிட்டு, அவனுடைய தாக்குதலைத் திசைதிருப்பி, அதனாலேயே சோர்பெட்டையும் முடித்துவிடுகிறான். கோக்குவுக்குக் காயத்தை உடனே ஆற்றும் மந்திர அவரையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு கிரிலினுக்கு வருகிறது. நாமெக்கில் ஃப்ரீஸாவின் கையால் இறந்தவன் அவன் என்பதால், அந்தச் சில விநாடிகள் அவனைப் பற்றிய கவலை நமக்குக் கூடிவிடுகிறது. பிறகு வெஜிட்டா ஃப்ரீஸாவைப் பழைய வடிவத்துக்கே திரும்பும்வரை அடிக்கிறான். இனத்தை அழித்தவனைத் தன் கையால் கொல்லும் வாய்ப்பு வாழ்நாளில் முதல்முறையாகக் கிடைத்திருப்பதால், அதை அனுபவிக்க நினைத்து நின்று பேசுகிறான். அந்த இடைவெளியில் ஃப்ரீஸா தரையில் ஓங்கி ஒரு வீச்சு வீச, பூமி வெடித்துச் சிதறுகிறது.

தெம்பில்லாதவனால் இது எப்படி முடிந்தது என்பதுதான் நேயருடைய முதல் கேள்வி. இந்தக் கதையுலகில் ஒரு கிரகத்தை உடைப்பது ஃப்ரீஸாவுக்குப் பெரிய வேலை இல்லை. கோக்குவைக் கொல்லத் தேவைப்படும் ஆற்றலில் மிகச் சிறிய பங்கே அதற்குப் போதும். மேலும், அவனுடைய இனத்தால் காற்றில்லாத விண்வெளியிலும் உயிரோடு இருக்க முடியும். சையன்களால் அது முடியாது. காக்க வந்தவர்களுக்குக் காலூன்ற நிலம் வேண்டும், அவனுக்கு வேண்டியதில்லை. ஆகவே அவனோடு மோதும்போது, வலிமையில் முந்தியிருப்பது மட்டும் வெற்றியாகிவிடாது. அவன் உயிரோடு இருக்கும் ஒவ்வொரு விநாடியும் பூமிக்கு ஆபத்துதான். கோக்குவும் வெஜிட்டாவும் சண்டையைத் தங்கள் தனிப்பட்ட போட்டியாகப் பார்த்ததால், இந்தக் கணக்கு அவர்களுக்குப் புரியாமல் போய்விட்டது. இரண்டு பேரும் சேர்ந்து அடித்திருந்தால் இது நடந்திருக்காது, ஆனால் சேர்ந்து அடிப்பதை அவர்கள் மானக்குறைவாக நினைக்கிறார்கள்.

இனி இரண்டாவது கேள்வி. வெஜிட்டாவின் மனைவி புல்மா கொடுத்த ஸ்ட்ராபெரி சண்டேயைச் சுவைத்தபடி பீரஸும் விஸ்ஸும் ஓரமாக அமர்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள். வெடிப்பு நேர்ந்தபோது விஸ் தன்னருகில் இருந்தவர்களை மட்டும் காப்பாற்றுகிறார். வெஜிட்டா அவர்களில் இல்லை. பிறகு காலத்தை 3 நிமிடம் பின்னுக்குத் தள்ளுகிறார். இப்படி ஒரு திறமை அவரிடம் இருக்கிறது என்பதற்கு நம்மைத் தயார்படுத்தாமல், தேவைப்பட்ட நேரத்தில் அதை வெளியே எடுப்பது திரைக்கதையின் பலவீனம்தான். அந்த அளவுக்கு நேயர் சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன். இனி எது அழிந்தாலும் விஸ் இருக்கிறாரே என்று பார்க்கிறவர்கள் நிம்மதியாக உட்கார்ந்துவிட இது இடம் கொடுக்கிறது.

ஆனால் கிடைத்த அந்த 3 நிமிடத்தில் கோக்கு என்ன செய்கிறான் என்று பாருங்கள். எச்சரிக்கவில்லை, பேசவில்லை, இன்னொரு வாய்ப்புத் தரவில்லை. வெஜிட்டாவின் குறுக்கே பாய்ந்து கமேஹமேஹா என்ற தன் ஒளிக்கற்றைத் தாக்குதலைச் செலுத்தி ஃப்ரீஸாவை அழித்துவிடுகிறான். எதிரிக்குத் திருந்த வாய்ப்புக் கொடுப்பதையே இயல்பாகக் கொண்டவன் அதை விட்டுவிட்டுச் செயல்படும் அரிய தருணம் இது. வெஜிட்டாவும் இதில் ஒன்றை இழக்கிறான். எந்த வெற்றிக்காக இத்தனை ஆண்டுகள் காத்திருந்தானோ, அது கை எட்டும் தூரத்தில் வந்து கோக்குவிடம் போய்விடுகிறது. இதற்குப் பிறகும்கூட, இருவரும் சேர்ந்து போரிட்டால் நல்லது என்று சொல்லப்படும்போது அவர்கள் அதற்கு இசைவதில்லை. திருந்திவிட்டார்கள் என்று காட்டாமல் விட்ட தோரியாமாவின் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

இதோடு தொடர்புடைய இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். இந்தச் சண்டையில் கோஹானைக் காப்பாற்றப் போய்ப் பிக்கோலோ இறந்துவிடுகிறாரே, அதை ஏன் சொல்லவில்லை என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். படத்தில் அப்படி ஒரு காட்சி இல்லை. அதே ஆண்டு ஜூலையில் தொடங்கிய 'டிராகன் பால் சூப்பர்' தொடர், இந்தக் கதையை 19 முதல் 27 வரையிலான அத்தியாயங்களில் மீண்டும் சொன்னது. பிக்கோலோ இறப்பதும், தவளை உடலில் சிக்கியிருந்த, ஃப்ரீஸாவின் பழைய படைத்தலைவனான கின்யு டகோமாவின் உடலுக்குள் புகுந்து வருவதும் அங்கேதான் நடக்கின்றன. 6 பேர் 1,000 பேரை எதிர்கொள்ளும் சண்டையின் வேகத்தை விரும்புகிறவர்கள் படத்தைப் பாருங்கள். கோஹானுக்கும் பிக்கோலோவுக்கும் இடையிலான பாசத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தொடரில் அந்த அத்தியாயங்களைப் பாருங்கள்.